விமானத்துக்கு ஏசி காப்பர் டியூப் போதுமா? எரிபொருள் லைன் போடுவது பற்றி

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

அண்ணா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பெங்களூரு ஒசக்கோட்டை பக்கம் ஒரு ஷெட்டில் இரண்டு சீட் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மேல் இறக்கை, இறக்கைக்கு ஒரு டேங்க், இன்ஜின் ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ். இப்போது எரிபொருள் லைன் போடும் கட்டம். எங்களுக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் சிவாஜிநகரில் இருக்கிறார், காப்பர் டியூபின் முனையைக் கூம்பாக விரித்து இணைக்கும் ஃப்ளேரைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஏசிக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு முன்னால் பெட்ரோல் லைன் அழுத்தம் ஒன்றுமே இல்லை. அப்படி இருக்க, வெளிநாட்டிலிருந்து அலுமினியம் டியூபும் நீல நிற ஃபிட்டிங்கும் வரவழைப்பது காசைக் கரைக்கிற வேலை என்பது என் கட்சி. தப்பா?

3 ஆகஸ்ட், இரவு

தப்புதான் தம்பி. ஆனால் அழுத்தம் பற்றிச் சொன்னது சரி. ரோடாக்ஸின் மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது 0.15 முதல் 0.4 பார் வரை. சைக்கிள் டியூபில் அதைவிடப் பல மடங்கு காற்று இருக்கும். அழுத்தத்துக்குப் பயந்து யாரும் அலுமினியம் போடுவதில்லை.

பயம் அதிர்வைப் பார்த்து. செம்பு அதிர அதிர இறுகும், இறுகினால் விரிசல் விடும். அதுவும் எங்கே விரிசல் விடும் என்றால், ஃப்ளேரின் கழுத்தில், நட்டுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பழைய காலத்து விமானங்களில் செம்பு லைன் இருந்தது. அதை அவ்வப்போது கழற்றி, சூடாக்கி, மறுபடி மிருதுவாக்கித்தான் ஓட்டினார்கள். சுவரில் ஆணியடித்து நிறுத்திய ஏசிக்கு அந்தக் கவலை இல்லை. எடையையும் பாருங்கள்: ஒரே அளவு டியூபுக்குச் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம்.

போட வேண்டியது 5052-ஓ அலுமினியம், 3/8 அங்குலம், சுவர் 0.035 அங்குலம். கடைசியில் வரும் அந்த 'ஓ' முக்கியம். மிருதுவான பதம் என்று அர்த்தம், வளைக்கவும் ஃப்ளேர் போடவும் ஒத்துழைக்கும். கடினமான பதத்தில் வாங்கினால் ஃப்ளேர் ஓரம் வெடிக்கும்.

4 ஆகஸ்ட்

நேற்று எழுத மறந்தது, உண்மையில் முதலில் எழுதியிருக்க வேண்டியது. உங்கள் ஏசி மெக்கானிக்கின் ஃப்ளேர் டூல் 45 டிகிரி. ஜேசி ரோட்டில் காருக்கு விற்கும் பிரேக் லைன் டூலும் 45. விமான ஃபிட்டிங் 37 டிகிரி. எட்டு டிகிரிதானே என்று தோன்றும். 45-இல் விரித்த டியூபை 37 டிகிரி கூம்பில் உட்கார வைத்தால் முகம் முழுக்கப் படியாது, ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவீர்கள். இறுக்கினால் ஃப்ளேர் மெலியும். அன்றைக்குக் கசிவு நின்றுவிடும், அதுதான் இதில் மோசமான பகுதி.

அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 37 டிகிரி டூலை வாங்கி அவர் கையில் கொடுங்கள். என்னைவிட நன்றாகப் போடுவார்.

4 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

நட்டும் ஸ்லீவும் (நட்டுக்குள் டியூபைத் தாங்கும் சின்ன வளையம்) டியூபில் ஏறிய பிறகுதான் ஃப்ளேர், விரித்த பிறகு அவை ஏறாது. இதை ஷெட் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் அதையும் மீறிச் செய்யத்தான் போகிறீர்கள். அதனால் டியூபைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி வையுங்கள்.

7 ஆகஸ்ட்

"பீன்யா தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் ஜேஐசி ஃபிட்டிங் கிடைக்கிறதே, அதுவும் 37 டிகிரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆமாம், கோணம் அதேதான், திருகிப் பார்த்தால் ஏறவும் ஏறும். வித்தியாசம் மரையின் துல்லியத்தில். ஏஎன் எனும் விமான ஃபிட்டிங்கின் மரை இன்னும் நெருக்கமான அளவில் வெட்டியது. ஜேஐசி பெரும்பாலும் எஃகு, ஜேசிபி வண்டிக்குச் செய்தது, கனமும் அதற்கேற்ற கனம். விமானத்துக்கென்று யாரும் அதற்குச் சான்று தருவதில்லை. தரையில் டேங்க், பம்ப் சோதனைக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்ய நான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். பறக்கும் பொருளில் இல்லை.

பீன்யாவை அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். சேலத்துக்காரர் ஒருவர் அங்கே இரண்டு லேத் வைத்திருக்கிறார். டேங்க் வாய்க்குத் தேவையான பிளேட், கிளாம்ப் நிற்கும் சின்னச் சின்ன பிராக்கெட் எல்லாம் அவரிடம்தான் செய்தேன். "இது எதுக்குண்ணே?" என்று கேட்டார். சொன்னதும் ட்ராயிங்கை இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரம் எல்லாம் கூடுதலாக மழுக்கிக் கொடுத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

10 ஆகஸ்ட்

இன்று ஞாயிறு, நீளமாக எழுத நேரம் இருக்கிறது. டியூபைப் போடும் விதம்.

வெட்டுவதற்குச் சக்கர கட்டர். ஹேக்ஸா வேண்டாம், தூள் உள்ளே போகும். வெட்டியதும் உள் விளிம்பு, வெளி விளிம்பு இரண்டையும் மழுக்குங்கள். பிசிறு நின்றால் ஃப்ளேர் அங்கிருந்துதான் விரிசல் விடும். டியூபில் அடையாளம் போடப் பென்சில் எடுக்காதீர்கள். கிராஃபைட் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும். ஸ்கெட்ச் பேனா போதும்.

வளைக்க வளைப்பான் வேண்டும், முட்டியில் வைத்து வளைக்கும் வேலை வேண்டாம். 3/8 டியூபுக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 15/16 அங்குலம், சுமார் 24 மி.மீ. வளைவில் டியூப் கொஞ்சம் தட்டையாகும், அது பரவாயில்லை. ஆனால் அதன் குறுகிய விட்டம் மூல விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். முதலில் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் தடிமனான கம்பியை வளைத்து மாதிரி செய்து, அதைப் பார்த்து டியூபை வளைப்பது என் வழக்கம். கம்பி மலிவு, கோபமும் வராது.

இரண்டு ஃபிட்டிங்குக்கு நடுவே நேர்க்கோடாக டியூப் போடாதீர்கள். கிட்டத்தில்தானே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்த மாதிரி போடத் தோன்றும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் வெப்பத்தில் நீளவும், அதிர்வில் அசையவும் அதற்கு இடம் இருக்காது. அந்த இழுப்பு முழுவதும் ஃப்ளேர் மேல் விழும். நடுவில் ஒரு வளைவு இருக்கட்டும். கழற்றி மாட்டவும் அதுதான் வசதி.

கிளாம்ப் 42 செ.மீ.க்கு ஒன்றாவது வேண்டும், ரப்பர் உள்ளே வைத்த வகை. வயரும் பெட்ரோல் லைனும் ஒரே வழியில் போயே ஆக வேண்டும் என்றால் வயர் மேலே, பெட்ரோல் கீழே. வயரைப் பெட்ரோல் டியூபிலேயே ஜிப் டை போட்டுக் கட்டியிருந்ததை ஒருமுறை பார்த்தேன். கட்டியவர் மிகச் சுத்தமாக, சம இடைவெளியில் கட்டியிருந்தார். வயரின் உறை தேய்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்திருக்கவில்லை.

இறுக்கம்: 3/8 அலுமினியம் ஃப்ளேருக்கு 75 முதல் 125 இன்ச் பவுண்டு, அதாவது சுமார் 8.5 முதல் 14 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை சொல்லும்" என்பவர்களிடம் தள்ளியே இருங்கள். லாரி வீல் நட் இறுக்கிப் பழகிய கை வேறு மாதிரி சொல்லும்.

10 ஆகஸ்ட், இரவு

டேப் பற்றி. ஃப்ளேர் மரையில் எதுவும் தடவக் கூடாது. உலோகமும் உலோகமும் படிந்துதான் அங்கே அடைக்கிறது. கூம்பு மரை உள்ள இடங்களில், அதாவது டேங்க், வால்வு, காஸ்கொலேட்டர் (லைனில் வரும் தண்ணீரையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டிக் கிண்ணம்) உடலில் ஏறும் பக்கத்தில், பெட்ரோலுக்குத் தாங்கும் பேஸ்ட் வேண்டும். முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். பிளம்பரின் வெள்ளை டெஃப்லான் டேப் எந்தப் பக்கத்திலும் வேண்டாம்.

ஏன் என்றால், வேறொருவர் கட்டிய விமானத்தில் இன்ஜின் ஒரு பக்கம் திணறுகிறது என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக ஒரு நூல் மிதந்தது. ஃபில்டரைத் தாண்டிய பிறகு இருந்த ஒரு இணைப்பில் சுற்றிய டேப் அது. தரையில் நடந்ததால் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தோம்.

16 ஆகஸ்ட்

இன்ஜின் பக்கம். ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே நிற்கும் தீத்தடுப்புச் சுவர்) முன்னால் விறைப்பான டியூப் வேண்டாம். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், உடல் ஆடாது. நடுவில் ஹோஸ்தான் வர வேண்டும். ஹோஸுக்கு மேல் தீத்தடுப்பு உறை, அதன் இரண்டு முனையும் அடைத்து. முனையை அடைக்காமல் விட்டால் அந்த உறை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு திரி ஆகிவிடும். ஃபயர்வாலில் ஏறும் ஃபிட்டிங் எஃகாக இருக்கட்டும். தீத்தடுப்புச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் சுடர் 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அலுமினியம் 660-இலேயே உருகி ஓடிவிடும். நிறத்தை வைத்தே பிரிக்கலாம்: நீலம் அலுமினியம், கறுப்பு எஃகு.

ரப்பர் ஹோஸுக்கு ஆயுள் உண்டு. ரோடாக்ஸ் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பறந்தாலும் சரி, ஷெட்டில் தூங்கினாலும் சரி. மாட்டிய தேதியை ஒரு தகட்டில் குத்தி ஹோஸிலேயே கட்டிவிடுங்கள்.

17 ஆகஸ்ட்

ஹோஸ் என்றதும் அடுத்த கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது: "பைக் கடையில் கிடைக்கும் ஹோஸ் போதாதா?"

இங்கேதான் எத்தனால் வருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கி வைத்ததே நம் ஊரில், இந்தியா எனர்ஜி வீக் நடந்தபோது. இன்றைக்கு எந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினாலும் அதுதான். ரோடாக்ஸ் 912-க்கு அனுமதி 10 சதவீத எத்தனால் வரைதான். ஆக, இன்ஜினுக்கே அது சரிப்படாது. லைனைப் பார்த்தாலோ, சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், அப்புறம் காயும்போது வெடிக்கும். ஃபைபர் டேங்க் என்றால் சில ரெசின்கள் மெல்லக் கரையும், அந்தப் பிசின் போய் கார்புரேட்டரில் படியும். எத்தனால் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கும்.

ஹோஸ் வாங்கினால் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதை வாங்குங்கள். உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், எத்தனால் தாங்கும். ஆர்7 என்று இருப்பது பழைய ரகம்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். 100 மி.லி. அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடியில் இருக்கும் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. இ20 என்றால் 25-ஐத் தாண்டும்.

17 ஆகஸ்ட், மாலை

"அப்போ எதைத்தான் ஊற்றுவது?" 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் குடுவையைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு கேனையும் ஏற்றுகிறேன். விமானப் பெட்ரோலான அவ்காஸ் 100எல்எல் இன்னொரு வழி. 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயிலே அதைத் தயாரிக்கிறது, வதோதரா சுத்திகரிப்பு ஆலையில். அதற்கு முன் எல்லாமே இறக்குமதி. ரோடாக்ஸ் அதை ஏற்கும். ஆனால் அதில் உள்ள ஈயம் ஆயிலில் சேறாகப் படியும், ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். விலை பற்றிப் பேசி உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

23 ஆகஸ்ட்

எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று மாற்றும் செலக்டர் வால்வை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு "கைக்கு எட்டும் இடத்தில்" என்று ஒரு வரியில் முடிக்கப் பார்த்தேன். யோசித்தபோது அது போதாது என்று பட்டது.

பாடகர் ஜான் டென்வர் இறந்தது இதில்தான். 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவில் மான்டெரே கடற்கரைக்கு அருகே. விமானம் லாங்-ஈஸி, பர்ட் ரூட்டன் வடிவமைத்தது, வீட்டில் கட்டுவது. வரைபடத்தில் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் காக்பிட்டுக்குள் பெட்ரோல் லைன் வரக் கூடாது என்று நினைத்து, வால்வைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். டென்வர் அதைப் பழைய விமானமாக வாங்கியவர். டேங்க் மாற்ற வேண்டுமானால் உடம்பைத் திருப்பிக் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அப்படித் திரும்பும்போது கால் ரடர் பெடலை, அதாவது வால் சுக்கானைத் திருப்பும் பெடலை, மிதித்துவிடும். விசாரணை அறிக்கை வால்வின் இடத்தையும், அதில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று குறிக்காததையும், அவர் பறப்பதற்கு முன் சரியாகப் பார்க்காததையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது.

கட்டியவருடைய நோக்கம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. காக்பிட்டில் பெட்ரோல் வேண்டாம் என்பது நியாயமான ஆசை. ஒரு ஆபத்தை நகர்த்தும்போது அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் லைன் போகும் வழியை மாற்றத் தோன்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த வால்வுதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே: பெல்ட் கட்டிய நிலையில், திரும்பாமல், கை எட்ட வேண்டும். கண் எட்ட வேண்டும். பக்கம் எழுதியிருக்க வேண்டும். 'ஆஃப்' நிலைக்குத் தவறிப் போகாதபடி ஒரு தடுப்பு வேண்டும்.

24 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "இரண்டு டேங்கையும் சேர்த்துத் திறந்துவிட்டால் செலக்டர் தொல்லையே இல்லையே" என்கிறார். மேல் இறக்கையில் செய்யலாம், எடை தானாகவே கீழே இறக்கும். கீழ் இறக்கையில் செய்யக் கூடாது. அங்கே பம்ப்தான் உறிஞ்ச வேண்டும், ஒரு டேங்க் காலியானால் பம்ப் சுலபமாக வரும் காற்றைத்தான் உறிஞ்சும், மற்ற டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தாலும்.

இன்னொன்று. பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி அடைப்பதைத் தவிர்க்க, மிச்சத்தை டேங்குக்கே திருப்பும் ஒரு ரிட்டர்ன் லைன் போடச் சொல்கிறது ரோடாக்ஸ். அது எந்த டேங்குக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். வலது டேங்கிலிருந்து எடுத்து இடது டேங்குக்குத் திருப்பினால், இடது ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது மிச்சம் வெண்ட் (டேங்குக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாக வெளியே ஊற்றும். பெங்களூரு ஏற்கெனவே 3,000 அடி உயரம். காற்றழுத்தம் குறைவு, பெட்ரோல் கடற்கரை ஊரைவிட சீக்கிரம் ஆவியாகும். ஏப்ரல் மதியம் ஜக்கூர் விமானத் தளத்தில் இறங்கி, இன்ஜினை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும். லைன் சைலன்சருக்குப் பக்கத்தில் போகக் கூடாது. நடுவில் மேடு ஏறி இறங்கவும் கூடாது, ஆவி அந்த மேட்டில்தான் போய் உட்காரும்.

30 ஆகஸ்ட்

டேங்க் கசிவுக்குப் பலூன் சோதனை. எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் பலூன் மாட்டி, மெல்லக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். பலூன் காலையில் தொங்கிக் கிடந்து மதியம் விறைத்து நிற்கும். ஷெட் கூரை தகரம் என்றால் இன்னும் கூத்து. அது வெப்பத்தின் விளையாட்டு, கசிவு இல்லை. நுரை சொல்வதை நம்புங்கள். பலூனுக்கு மேல் கம்ப்ரஸர் அழுத்தம் கொடுத்து டேங்கையே உப்ப வைத்துவிடாதீர்கள்.

வெண்ட் குழாய் வாயில் வலை போடுங்கள். நம் ஊரில் குளவிக்கு அந்த அளவு ஓட்டை என்றால் கொள்ளைப் பிரியம். இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் மண் வைத்து அடைத்துவிடும். வெண்ட் அடைத்தால் டேங்கில் வெற்றிடம், பெட்ரோல் இறங்காது.

6 செப்டம்பர்

லைன் முடிந்துவிட்டதாம், படம் அனுப்பியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. இடது டேங்கிலிருந்து கதவுத் தூண் வழியாக இறங்கும் இடத்தில் மட்டும் கிளாம்ப் இன்னும் ஒன்று கேட்கிறது. காஸ்கொலேட்டர் லைனிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. தண்ணீர் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

இனி பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று பார்க்கும் ஓட்டச் சோதனை. இதைச் செய்யாமல் இன்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம். வாலைக் கீழே இறக்கியோ முன்சக்கரத்தைத் தூக்கியோ, அதிகபட்சமாக ஏறும் கோணத்துக்கு மூக்கை உயர்த்துங்கள். டேங்கில் கொஞ்சமே பெட்ரோல். ஒரு சமயத்தில் ஒரு டேங்க் மட்டும். கார்புரேட்டரில் ஹோஸைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்து, அளவுக் கேனில் விடுங்கள். டேங்க் மூடிகள் மூடியே இருக்கட்டும், வெண்டும் சேர்ந்து சோதிக்கப்படும். பலர் மூடியைத் திறந்து வைத்துச் செய்துவிட்டு "பிரமாதமாக வருகிறது" என்பார்கள்.

912 யூஎல்எஸ் முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் உள்ள ஏற்பாட்டுக்கு அதில் 125 சதவீதம் வர வேண்டும்: 33.75 லிட்டர். அதாவது ஒரு லிட்டர் நிரம்ப 106 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. எலெக்ட்ரிக் பம்பை ஓட விட்டு இதைப் பாருங்கள்.

தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். விமானம், கேன், புனல் மூன்றையும் வயர் போட்டு இணைத்துப் பூமிக்கு இறக்குங்கள். பிளாஸ்டிக் புனல் வேண்டாம்.

7 செப்டம்பர்

மேலே 125 என்றேன். "மேல் இறக்கைக்கு 150 இல்லையா?" என்று ஒருவர் திருத்துகிறார். 150 என்பது பம்பே இல்லாமல் எடையால் மட்டும் இறங்கும் ஏற்பாட்டுக்கு. உங்களுடையதில் பம்ப் இருப்பதால் 125 போதும். ஆனாலும் மேல் இறக்கை என்பதால் எலெக்ட்ரிக் பம்பை அணைத்துவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். பம்ப் செத்தால் என்ன மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். அப்போதும் ஒரு லிட்டர் 89 விநாடிக்குள் வந்தால் 150-ஐயே தொட்டுவிட்டீர்கள்.

14 செப்டம்பர்

வந்த எண்கள்: வலது டேங்க் 71 விநாடி, இடது 118. இடது தேறவில்லை.

டியூபைக் குறை சொல்லும் முன் டேங்கின் உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அது கொஞ்சம் பெரிய கண்ணாக, அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்ணிக்குள் இருக்க வேண்டும். மெல்லிய வலை போட்டிருந்தால் அதுவே போதும் கழுத்தை நெரிக்க. அது சரி என்றால் இடது வெண்ட். அதுவும் சரி என்றால்தான் அந்தத் தூண் பக்கத்து வளைவு. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வளைவு தட்டையாகத்தான் தெரிகிறது. வெர்னியர் வைத்து அளந்து எண்ணை எழுதுங்கள். 7.1 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்தத் துண்டு முழுவதும் மாற வேண்டும், தட்டி நிமிர்த்தும் வேலை வேண்டாம்.

15 செப்டம்பர்

6.4. மாற்றுங்கள். இந்த முறை நட்டையும் ஸ்லீவையும் முதலில்.